உங்கள் வேலைக்கு வாடிக்கையாளர் வைத்திருக்கும் பெயர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான். கூகுள் மேப், ஜஸ்ட்டயல், சுலேகா, இண்டியாமார்ட் என்று ஏதோ ஒன்றில் தொழிலைப் பதிந்தாயிற்று. 'சேவைகள்', 'திறன்கள்', 'கீவேர்டு' (தேடுசொல்) என்று கேட்கும் கட்டத்தில் என்ன எழுதுவது? இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். எல்லோர் கையிலும் இணையம் வருவதற்கு முன்பு, போன் செய்து கேட்டால் கடைகளின் நம்பர் சொல்லும் ஒரு நிறுவனத்தில் கோயம்புத்தூரில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். காதில் ஹெட்போன், எதிரே திரை. கேட்பவர் சொல்லும் வார்த்தைக்கும் திரையில் இருக்கும் வார்த்தைக்கும் ஒட்டே இருக்காது. "கிரைண்டர் கல்லு கொத்தறவங்க நம்பர் இருக்குங்களா?" என்பார்கள். எங்களிடம் 'வெட் கிரைண்டர் சேல்ஸ் அண்ட் சர்வீஸ்' என்று இருக்கும். அந்தக் கடைகளில் யார் கல் கொத்துவார்கள் என்று எங்கும் எழுதியிருக்காது. மக்கள் கேட்ட வார்த்தைகளை ஒரு நீல அட்டை நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். இப்போது சிறு கடைக்காரர்களுக்குப் பதிவு எழுதிக் கொடுக்கும்போதும் அந்த நோட்டைத்தான் புரட்டுகிறேன்.

கேள்வி: சூலூர் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பதினேழு வருஷத் தொழில். கூகுளில் 'எலக்ட்ரிகல் வொர்க்ஸ்' என்று பதிந்தோம். வருகிற போன் எல்லாம் ஃபேன் மாட்டவும் வயரிங் பண்ணவும்தான். மோட்டாருக்கு ஒருவரும் கூப்பிடுவதில்லை. என்ன வார்த்தைகள் சேர்க்க வேண்டும்?

'எலக்ட்ரிகல் வொர்க்ஸ்' என்று இருந்தால் ஃபேன் மாட்டத்தான் கூப்பிடுவார்கள். தவறு கூப்பிடுகிறவர்களிடம் இல்லை.

முதலில் 'வகை' என்ற கட்டத்தைத் திருத்துங்கள். கூகுள் பதிவில் முதன்மை வகை ஒன்று, கூடுதல் வகைகள் ஒன்பது வரை வைத்துக்கொள்ளலாம். இவற்றை நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, அவர்கள் பட்டியலில் இருப்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மோட்டார் பழுதுக்கு நெருக்கமாக அங்கே எது வருகிறதோ அதை முதன்மையாக வையுங்கள். 'எலக்ட்ரீஷியன்' என்பதை எடுத்துவிடுங்கள். ஒன்பது இடம் இருக்கிறதே என்று நிரப்பவும் வேண்டாம்.

அடுத்தது 'சேவைகள்'. இங்கேதான் நம் சொந்த வார்த்தைக்கு இடம் உண்டு. தயாராக இருக்கும் சேவைகள் போதாவிட்டால் நாமே தட்டச்சு செய்து சேர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் 300 எழுத்துகள் வரை சிறு விளக்கமும் எழுதலாம். உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் இதைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள்.

என் நோட்டில் மோட்டாருக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் இருக்கிறது. அதில் காயில் கட்டுவதற்கு 'ரீவைண்டிங்' என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டவர்கள் மில்காரர்களும் ஒர்க் ஷாப்காரர்களும்தான். வீட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கூப்பிட்டவர்கள் இப்படித்தான் கேட்டார்கள்: "மோட்டார் எரிஞ்சு போச்சுங்க." "காயில் போயிருச்சு." "சத்தம் மட்டும் உர்ருனு வருது, சுத்த மாட்டேங்குது." "மோட்டார் ஓடுது, தண்ணி வரலைங்க." "போட்டா உடனே ட்ரிப் ஆகுது." "போர்ல மோட்டார் விழுந்துருச்சு, எடுக்கறவங்க இருக்காங்களா?" இந்தக் கடைசி ஆள் தேடுவது உங்களை அல்ல, அது வேறு தொழில். குழாய் கழன்றோ கயிறு அறுந்தோ துளைக்குள் விழுந்த மோட்டாரை வெளியே எடுக்கும் ஆட்கள் தனி. ஆனால் எடுத்த மோட்டார் கடைசியில் வந்து சேரும் இடம் உங்கள் பட்டறை. அந்த ஆட்களின் நம்பர் உங்களிடம் இருந்தால், கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதைச் சேவையாக மட்டும் எழுதாதீர்கள்.

ஆக, தொழில்காரர் சொல்லும் பெயர், வாடிக்கையாளர் சொல்லும் பெயர், கோளாறின் பெயர் மூன்றும் பதிவில் இருக்க வேண்டும். 'மோட்டார் ரீவைண்டிங்' என்று ஒரு சேவை. அதன் விளக்கத்தில் 'எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டித் தரப்படும், சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ்' என்று எழுதுங்கள். 'சப்மர்சிபிள் மோட்டார் சர்வீஸ்' என்று இன்னொன்று. அதில் 'போர்வெல், நீர்மூழ்கி மோட்டார்' என்ற சொற்களும் வரட்டும். தோட்டத்துக்காரர்கள் கேட்கிற 'கம்ப்ரசர் மோட்டார்' தனியாக. கிணற்று மோட்டாருக்கு 'ஓப்பன்வெல், மோனோபிளாக்'. பேரிங், புஷ், வாட்டர் சீல், கெப்பாசிட்டர் மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் உர்ரென்று சத்தம் போட்டுச் சுற்றாத மோட்டார்களில் நிறைய வெறும் கெப்பாசிட்டரோடு முடிந்துவிடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த முந்நூறு ரூபாய் வேலைக்கு வந்தவர், அடுத்த கோடையில் காயில் எரியும்போது உங்களிடமேதான் வருவார்.

கடைசியில் 'விவரம்' என்ற பகுதி. 750 எழுத்துகள் வரை இடம் தருவார்கள். தமிழில் எழுதும்போது இந்தக் கணக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும், காரணம் கணினி நம் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியே எண்ணும். 'க்' என்பது அதற்கு இரண்டு. விவரத்தின் தொடக்கம் மட்டுமே உடனே கண்ணில் படும், மீதியைத் தட்டித் திறந்தால்தான் தெரியும் என்பதால் முக்கியமானதை முதல் இரண்டு வரியில் வைத்துவிட வேண்டும். உங்களுக்காக ஒன்று எழுதியிருக்கிறேன்:

'எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டித் தருகிறோம். அரை எச்பி முதல் 15 எச்பி வரை. போர்வெல் சப்மர்சிபிள், ஓப்பன்வெல், மோனோபிளாக், கம்ப்ரசர், கிரைண்டர் மோட்டார்கள். செம்புக் கம்பி மட்டுமே பயன்படுத்துகிறோம். பழைய காயிலை உங்களிடமே கொடுத்துவிடுவோம். காலையில் கொண்டுவந்தால் மறுநாள் மாலை தயார். சூலூர், சுல்தான்பேட்டை, பல்லடம் பகுதிகளில் வந்து எடுத்துக்கொள்வோம். வீட்டு வயரிங் செய்வதில்லை.'

எச்பி அளவும், தரும் நாளும், ஊர்ப் பெயரும் நானாகப் போட்டவை. உங்கள் நிஜத்துக்குத் திருத்திக்கொள்ளுங்கள். செம்பா அலுமினியமா என்பதில் வார்த்தை பிசகக் கூடாது. அலுமினியமும் கட்டுவீர்கள் என்றால் இரண்டும் உண்டு என்று எழுதி, எது எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். பழைய காயிலைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஏன் எழுதினேன் என்றால், "செம்பைக் கழட்டிட்டு வேற எதையோ போட்டுட்டாங்க" என்ற மனக்குறை என் நோட்டில் ஏழு முறை இருக்கிறது.

இதெல்லாம் செய்தால் மறுநாளே முதலிடத்தில் வருவீர்களா என்று கேட்பீர்கள். அக்கம்பக்கத் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று காரணங்களைச் சொல்கிறது: தேடியதற்கும் பதிவுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து உள்ள தூரம், கடைக்கு இருக்கும் பேர். தூரம் உங்கள் கையில் இல்லை. பேர் நாள்பட வருவது. வார்த்தைகளால் சரிசெய்ய முடிவது பொருத்தத்தை மட்டும்தான். இந்த வரிசையில் காசு கொடுத்து மேலே ஏற வழி கிடையாது என்றும் கூகுளே சொல்கிறது. விளம்பரம் என்று குறித்துக் காட்டுவது வேறு கணக்கு. யாராவது "மாதம் இவ்வளவு கொடுங்க, நம்பர் ஒன் ஆக்கறோம்" என்று போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பதிவின் செயல்திறன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தெந்த வார்த்தையைத் தேடி உங்கள் பதிவு கண்ணில் பட்டது என்று அங்கே காட்டும். நான் எட்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய நோட்டு இப்போது எல்லாக் கடைக்காரருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேள்வி: திண்டுக்கல்லில் வீட்டிலேயே தையல் செய்கிறேன். பிளவுஸ், சுடிதார் நன்றாகத் தைப்பேன். ஆரி வேலை ஆறு மாதம் கற்றிருக்கிறேன், எளிய டிசைன்கள் வரும். ஒருவர் 80 வார்த்தை கொண்ட தாள் கொடுத்து எல்லாவற்றையும் போடச் சொல்கிறார்: டிசைனர் பொட்டிக், பிரைடல் லெஹங்கா, ஜர்தோசி, ஃபேஷன் டிசைனிங் வகுப்பு... போடலாமா அக்கா?

வேண்டாம் அம்மா. அந்தத் தாளில் உங்கள் கை செய்யாத வேலைகளை முதலில் அடித்துவிடுங்கள். லெஹங்கா தைத்ததே இல்லை என்றால் அந்த வார்த்தையைப் பார்த்து வருகிறவர் பத்தாயிரம் ரூபாய்த் துணியோடு வந்து நிற்பார். நீங்கள் திருப்பி அனுப்பினாலும் மனக்கஷ்டம், வாங்கித் தைத்து அளவு தவறினாலும் மனக்கஷ்டம். அதற்குப் பின் அவர் எழுதும் ஒரு நட்சத்திர விமர்சனம் பதிவில் அப்படியே நிற்கும்.

வார்த்தைகளைக் கொட்டி வைத்தால் தேடல் இயந்திரம் மயங்கிவிடும் என்பது ரொம்பப் பழைய நம்பிக்கை. இணையப் பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கீவேர்டு வரிசையை மறைத்து வைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தன் தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. உங்களிடம் தாள் கொடுத்தவர் இன்னும் அந்தக் காலத்திலேயே இருக்கிறார்.

இனி நீங்கள் போட வேண்டியது. தையலில் எனக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்த சொல் 'ஜாக்கெட்'. நாற்பது, ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் 'ஜாக்கெட் தைக்கணும்' என்பார்கள். காலேஜ் பெண் 'பிளவுஸ்' என்பாள். அதே ஜாக்கெட்டை ஆங்கில எழுத்தில் தட்டினால் குளிர்கோட்டு வந்து நிற்கும். ஆகவே சேவையின் பெயர் 'பிளவுஸ் தையல்' என்று இருக்கட்டும், விளக்கத்தில் 'அளவு ஜாக்கெட் கொடுத்தால் அதே அளவில் தைத்துத் தரப்படும்' என்று ஒரு வாக்கியமாக வரட்டும். இரண்டு தலைமுறையும் உங்களைக் கண்டுபிடித்துவிடும், படிக்கவும் இயல்பாக இருக்கும்.

அப்புறம் நீங்கள் தினமும் செய்கிற, திறமை என்றே நினைக்காத வேலைகள் இருக்கின்றன. ஃபால்ஸ் அடிப்பது, சேலைக்குக் குச்சு கட்டுவது, சுடிதாரை இடுப்பில் பிடிப்பது, கல்யாண ஜாக்கெட்டைப் பிள்ளை பெற்ற பிறகு பிரித்து விடுவது, பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஜிப் வைத்துத் தைப்பது. பெரிய கடைகள் 'ஆல்ட்ரேஷன்' வேலையைத் தொடுவதில்லை. அதற்கு ஆள் தேடி அலைகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பட்டியலின் தலையில் அதை வையுங்கள்.

ஆரியைப் பற்றி: 'ஆரி வொர்க், கழுத்துக்கும் கைக்கும் எளிய டிசைன்கள்' என்று எழுதி, நீங்களே போட்ட நான்கு ஜாக்கெட்டுகளின் படத்தைச் சேருங்கள். மெஷின் எம்ப்ராய்டரி செய்யாவிட்டால் அந்த வார்த்தை வேண்டாம். நன்றாகத் தைத்துக் கொடுத்தவர்களிடம், "விமர்சனம் எழுதினால் என்ன தைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று கேளுங்கள். யாராவது குச்சு கட்டத் தேடும்போது, ஒரு விமர்சனத்தில் அந்த வார்த்தை இருந்தால் கூகுள் சில சமயம் அந்த வரியையே எடுத்துக் காட்டும். விமர்சனத்துக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதாக மட்டும் சொல்லாதீர்கள், அது விதிக்கு விரோதம்.

கேள்வி: திருப்பூரில் பிளம்பர். கடைப் பெயரோடு 'பெஸ்ட் பிளம்பர் திருப்பூர் 24 மணி நேரம் டேங்க் கிளீனிங்' என்று சேர்த்துப் போட்டுக்கொடுத்தார் ஒருவர். இப்போது பதிவே முடங்கிக் கிடக்கிறது.

பெயர்க் கட்டத்தில் உங்கள் போர்டில் இருக்கும் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஊர், நேரம், வேலை எல்லாவற்றுக்கும் வேறு கட்டங்கள் இருக்கின்றன. முதலில் பெயரைத் திருத்துங்கள். பிறகு போர்டு தெரியும்படி கடையின் படம், ஜிஎஸ்டி அல்லது உரிமச் சான்று, அந்த முகவரிக்கு வந்த கரண்ட் பில் இவற்றைச் சேர்த்து மேல்முறையீடு செய்யுங்கள். பதிவைத் திறக்கும் ஜிமெயில் கணக்கு யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள். போட்டுக் கொடுத்தவரின் கணக்கில் இருந்தால் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி வாங்கிக்கொண்ட பிறகு மற்றதைச் செய்யுங்கள்.

கேள்வி: சேலத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். 'விவாகரத்து ஸ்பெஷலிஸ்ட்', 'குறைந்த கட்டணம்' போன்ற சொற்களோடு வணிகத் தளங்களில் பதியலாமா?

கூடாது. இந்தியப் பார் கவுன்சிலின் 36ஆவது விதி வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. 2008இல் வந்த திருத்தம் சொந்த இணையதளத்துக்கு மட்டும் வழிவிட்டது. அதிலும் பெயர், முகவரி, பதிவு எண், கல்வித் தகுதி, எந்தத் துறையில் வழக்காடுகிறார் என்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையதளங்கள் வழியாக வழக்குப் பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க மாநிலப் பார் கவுன்சில்களுக்கு அறிவுறுத்துமாறு இந்தியப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நான் சொல்லும் கீவேர்டு யோசனை எதுவும் உங்கள் தொழிலுக்குப் பொருந்தாது. எதை எழுதுவதற்கு முன்பும் பார் கவுன்சிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்காசியிலிருந்து ஒரு பரம்பரை வைத்தியர் 'சர்க்கரை நோய் பூரண குணம்' என்று போடலாமா என்று கேட்டிருக்கிறார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீரிழிவு, புற்றுநோய், கண்புரை உள்ளிட்ட பல நோய்களைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரப்படுத்துவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இணையப் பதிவில் எழுதும் ஒரு வார்த்தையும் விளம்பரம்தான் ஐயா.

கேள்வி: ஈரோட்டில் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறோம். 'கல்யாணச் சமையல்' என்று போட்டிருக்கிறோம். முகூர்த்த மாதங்களில் வேலை உண்டு. ஆடி, மார்கழியில் அடுப்பு மூட்டுவதே இல்லை. வேறு என்ன எழுதலாம்?

வளைகாப்பு, காது குத்து, பூப்புனித நீராட்டு, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், அன்னதானம் என்று ஒவ்வொரு விசேஷத்தையும் பெயர் சொல்லி எழுதுங்கள். எத்தனை பேருக்கு என்பதையும் எழுதுங்கள். 'குறைந்தது 50 பேர்' என்று இருந்தால் 60 பேருக்கு விருந்து வைக்கும் வீட்டுக்காரர் தயங்காமல் கூப்பிடுவார். அந்த எண் இல்லாவிட்டால், இவர்கள் பெரிய ஆட்கள், நமக்கு வரமாட்டார்கள் என்று நினைத்துவிடுவார்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் அப்பா தவறியபோது பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்க ஆள் தேடினோம். தம்பி போனில் தேடத் தேட வந்ததெல்லாம் கல்யாணம், ரிசப்ஷன், பர்த்டே. கூப்பிட்டுக் கேட்டால் நாலு பேரில் மூன்று பேர் செய்து தருவோம் என்றுதான் சொன்னார்கள். எழுத மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. கல்யாணப் பதிவில் அந்த வார்த்தை வந்தால் அபசகுனம் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் துக்க வீட்டில் ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு, "இந்த மாதிரி, காரியத்துக்கு... செய்வீங்களா?" என்று குரல் இறங்கிக் கேட்பது எவ்வளவு கடினம் என்று அன்று தெரிந்துகொண்டேன். சேவைகள் பகுதியின் கடைசியில், 'காரியச் சாப்பாடு, பதினாறாம் நாள், திதி. வெங்காயம் பூண்டு சேர்க்காமலும் சமைத்துத் தரப்படும்' என்று ஒரே ஒரு வரி சேருங்கள். அதற்கு முகூர்த்த மாதம் கிடையாது. அந்த வீட்டார் உங்கள் நம்பரை அழிக்கவும் மாட்டார்கள்.

கேள்வி: என் அப்பா தஞ்சாவூர் பக்கம் மிருதங்கம் செய்பவர். பழுது பார்ப்பதும் உண்டு. ஐம்பது வருஷ அனுபவம். வித்வான்களுக்குத் தெரியும், இணையத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்காக நான் பதிவு போடுகிறேன். 'திறன்கள்' என்ற இடத்தில் அப்பா சொல்லும் சொற்களை எழுதினால் மற்றவர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. 'தோல் மாற்றுதல்' என்று எழுதினேன், அப்பா அதை எடுக்கச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கடைசி வரியில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தோலைத் தொட்டு வேலை செய்கிறவர்களை இந்த ஊர் எப்படி நடத்தியது என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அவர் கை பட்டுத்தான் அந்த வாத்தியத்துக்கு நாதம் வந்தது. ஆனாலும் மேடையில் யார் உட்கார்ந்தார்கள், யார் வாசலோடு நின்றார்கள் என்பதை அவர் பார்த்திருப்பார். அந்தச் சொல் அவருக்கு வெறும் கீவேர்டு இல்லை. பதிவு அவர் பெயரில் வருகிறது, அதனால் எந்தச் சொல் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அவரிடம் காரணம் கேட்காமலே நீங்கள் அதை எடுத்துவிடலாம், பதிவுக்கு நஷ்டம் ஒன்றும் வராது. அவரிடமே அதைவிட நல்ல சொற்கள் இருக்கின்றன.

மூட்டு (வாசிக்கும் முகப்பு), வலந்தலை (வலப்பக்க முகம்), தொப்பி (இடப்பக்க முகம்), வார் (இரு முகங்களையும் இழுத்துக் கட்டும் பட்டை), கரணை (வலந்தலையின் நடுவில் உள்ள கருவட்டம்). வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள் இவை. 'வலந்தலை மூட்டு மாற்றுதல்', 'தொப்பி மாற்றுதல்', 'வார் இழுத்துப் பிடித்தல்', 'கரணை போடுதல்' என்று ஒவ்வொன்றையும் தனிச் சேவையாக எழுதுங்கள். வித்வானோ மாணவரோ இதைப் படித்த உடனே, தெரிந்தவர் கையில்தான் கொடுக்கிறோம் என்று நம்புவார். ஆனால் பிள்ளையை வகுப்பில் சேர்த்த ஒரு தாய்க்கு மூட்டு என்றால் தெரியாது. அவர் 'மிருதங்கம் ரிப்பேர்' என்றுதான், அதையும் ஆங்கில எழுத்தில் தட்டுவார். ஆகவே முதன்மைச் சேவையின் பெயர் 'மிருதங்கம் ரிப்பேர்' என்று தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இருக்கட்டும். அதன் கீழே விளக்கத்தில் அப்பாவின் சொற்கள் வரட்டும்.

அடுத்து சுருதி. இதை எந்த மிருதங்கப் பதிவிலும் சரியாக எழுதி நான் பார்த்ததில்லை. நம் ஊரில் சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் கேட்பார்கள். வெளிநாட்டில் கற்கும் பிள்ளைகள் மேற்கத்திய எழுத்தைச் சொல்வார்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரைக் கட்டை சி ஷார்ப், இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப். பெண் குரலுக்கு வாசிக்க ஒருவர் ஐந்தரைக் கட்டை மிருதங்கம் தேடுகிறார் என்று வையுங்கள். பதிவில் வெறுமனே 'மிருதங்கம் விற்பனை' என்று இருந்தால் அவர் கேட்டுப் பார்க்காமலே தாண்டிப் போய்விடுவார். 'ஐந்தரைக் கட்டை, ஜி ஷார்ப்' என்று இரண்டும் இருந்தால் நின்று படிப்பார். அப்பா எந்தெந்தச் சுருதிக்குச் செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது பேச்சும் நீளும்.

மரத்தையும் சொல்லுங்கள். பலா மரம் என்றால் பலா மரம் என்றே எழுதுங்கள், பழைய மரக்கட்டைக்கு மட்டும் புது மூட்டு போட்டுத் தருவீர்கள் என்றால் அதையும். கூரியரில் அனுப்ப முடியுமா, எத்தனை நாள் ஆகும் என்பது வெளியூர்க்காரருக்கு முதல் கேள்வி. சென்னையில் டிசம்பர் கச்சேரிகள், தையில் திருவையாறு ஆராதனை என்று வரிசையாக வரும். அதனால் ஐப்பசி பிறந்ததுமே, 'மார்கழிக் கச்சேரிகளுக்கு முன் பழுது பார்த்துத் தர இப்போதே அனுப்புங்கள்' என்று பதிவில் ஒரு அறிவிப்பு போடுங்கள். வெளிநாட்டிலும் ஆள் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் தியாகராஜ ஆராதனை 1978 முதல் நடக்கிறது, வசந்த காலத்தில் வரும். அங்கே போட்டிக்கு வாசிக்கிற பிள்ளைகளின் வாத்தியங்களும் ரிப்பேருக்கு வரத்தானே செய்யும்?

படங்கள் பற்றி ஒரு வேண்டுகோள். செய்து முடித்த மிருதங்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். அப்பா கரணையைக் கல்லால் தேய்க்கும்போது அவர் கையும் முகமும் தெரிய ஒரு படம் எடுங்கள், அவர் சம்மதித்தால். 'ஐம்பது வருஷ அனுபவம்' என்று எழுதுவதைவிட அது கூடுதலாகச் சொல்லும்.

விவரத்துக்கு ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன்: 'மிருதங்கம் செய்வதும் பழுது பார்ப்பதும் ஐம்பது ஆண்டுகளாக எங்கள் தொழில். வலந்தலை, தொப்பி மூட்டு மாற்றுதல், வார் பிடித்தல், கரணை போடுதல். எந்தக் கட்டைக்கு வேண்டுமோ அந்தச் சுருதிக்குச் சேர்த்துத் தரப்படும். வாசித்துப் பார்த்து வாங்கிச் செல்லலாம்.' இதை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் போன் எடுத்துப் பேசிய எட்டு வருஷத்தில் மிருதங்கம் கேட்டவர்கள் இரண்டே பேர், அதனால் இந்தச் சொற்களில் எனக்குக் கேள்வி ஞானம்தான். "இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்" என்று அவர் திருத்தும் இடங்களைக் குறித்துக்கொண்டு எனக்கும் எழுதி அனுப்புங்கள். நீல நோட்டில் இன்னும் பக்கங்கள் மீதம் இருக்கின்றன.